எதற்குப் பருத்தி என்று முடிவு செய்து விதையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், மாடியில் பருத்தி வளர்த்துப் பஞ்சு எடுப்பது குறித்து வந்த கட்டுரை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது. ஆனால் அதை நம்பி மாட்டுத்தீவனக் கடையில் ஒரு கைப்பிடிப் பருத்திக்கொட்டை வாங்கி, ஆடி மாதம் தொட்டியில் போட்டு, கார்த்திகையில் பஞ்சு எதிர்பார்ப்பவர்களுக்கு மழையில் நனைந்து கறுத்த காய்தான் மிஞ்சும். போதாததற்குக் கட்டுரையோடு அச்சான படம் பருத்திக்காயே அல்ல, இலவங்காய். விட்டுப்போனவற்றையும் திருத்த வேண்டியவற்றையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடமிருந்தால் வெளியிடவும்.

முதலில் அந்தப் படம். இலவம் பஞ்சு மரத்தில் காய்ப்பது, காயின் உள்சுவரிலிருந்து வளர்வது. பருத்திப் பஞ்சு விதையின் தோலிலிருந்து வளர்வது. ஒவ்வொரு இழையும் விதைத்தோலின் ஒரே ஒரு செல் நீண்டு உருவானது. காய் வெடித்துக் காயும்போது அந்தச் செல் குழாய் தட்டையாகி, நாடாவைப் போலத் தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த இயற்கை முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகின்றன. இலவம் இழை வழவழப்பான, உள்ளே காற்று நிறைந்த நேர்க்குழாய். தலையணைக்கு அருமை, ராட்டையில் நிற்காது. இரண்டுக்கும் நாம் 'பஞ்சு' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது.

கட்டுரை தொடாமல் விட்ட கேள்வி, பஞ்சு எதற்கு என்பது. விதை, மண், பறிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். விளக்குத் திரி போதுமென்றால் இழை நீளம் ஒரு பொருட்டல்ல. காயிலிருந்து வரும் பஞ்சுச் சுளை கறைபட்டிருந்தாலும் எரியும். கையால் நூற்க வேண்டுமென்றால் இழை 22 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நன்றாக முதிர்ந்து, தூசில்லாமல் இருக்க வேண்டும். தலையணைக்கு முரட்டுத்தனமான குட்டை இழையே நல்லது, அமுக்கினால் திரும்ப எழும். ஆனால் ஒரு தலையணைக்கு ஒரு கிலோ பஞ்சாவது வேண்டும், அதாவது கொட்டையோடு 3 கிலோ பருத்தி. மாடித் தொட்டிகளில் அதைத் தேடுவது வீண். அந்த வேலைக்கு இலவம்பஞ்சே இருக்கிறது.

திரிக்கும் கைநூற்புக்கும் தமிழ்நாட்டில் பழக்கமான ரகம் கருங்கண்ணி. விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மானாவாரியாக நின்று பழகியது. வெள்ளைக்காரர் காலத்தில் 'தின்னவேலி' (திருநெல்வேலி) என்ற வணிகப் பெயரில் கப்பலேறிய பஞ்சில் இதுவும் உப்பம் என்ற இன்னொரு பருத்தியும் கலந்திருந்தன. பூ மஞ்சள், இதழடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. காய் சிறியது, ஒரு காயில் கொட்டையோடு 2 கிராம் அளவுக்குத்தான் பருத்தி தேறும். ஆனால் வறட்சியைத் தாங்கும், சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் கே 11 இந்த வகை. நீள இழை வேண்டுமானால் கோவையில் உருவாகி 1968-இல் வந்த எம்.சி.யு. 5 அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். ரகங்களைக் கேட்கலாம். இவற்றின் காய் 4 கிராம் அளவு எடை நிற்கும், ஆனால் தண்ணீரும் கவனிப்பும் கூடுதலாகக் கேட்கும். 1974-இல் வந்த சுவின் நாட்டிலேயே மிக நயமான பஞ்சு தருவது, 100-ஆம் நம்பர் நூலுக்கு மேலேயே ஓடும் (நம்பர் கூடக் கூட நூல் மெலிது). ஆனால் அது ஆறு மாதப் பயிர், பூச்சிக்கு எளிதில் இரையாகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

தீவனக் கடைக் கொட்டை ஏன் கூடாது? 2002-க்குப் பிறகு நாட்டில் பயிராகும் பருத்தியில் பெரும்பகுதி பி.டி. எனப்படும், காய்ப்புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய வீரிய ஒட்டு. அரவை ஆலையிலிருந்து வரும் கொட்டை அந்த ஒட்டுச் செடிகளின் பிள்ளைகள். விதைத்தால் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று காய்க்கும், ஒன்று காய்க்காது. ஈரத்தோடு குவித்து வைத்ததில் சூடேறி முளைத்திறன் செத்த கொட்டையும் அதில் கலந்திருக்கும். பல நாள் கிடங்கில் கிடந்ததென்றால் பத்தில் மூன்று முளைத்தாலே பெரிது.

அடுத்தது பட்டம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைப் பருத்திக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது. பருத்திக்கு விதைக்கும் நாளைவிட வெடிக்கும் நாள் முக்கியம். விதைத்த 100 முதல் 120 நாளில் முதல் காய் வெடிக்கும். அதன் பிறகு ஒன்றரை மாதம் வானம் காய்ந்திருக்க வேண்டும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஆடியில் விதைத்தால் வெடிப்பு வடகிழக்குப் பருவமழைக்குள் விழும். பாதி திறந்த காய்க்குள் தண்ணீர் இறங்கி, பூசணம் பிடித்து, கொட்டை செடியிலேயே முளைகூட விடும். கடலோரத்தார் தை, மாசியில் விதைத்தால் வைகாசி, ஆனி வெயிலில் பறிக்கலாம். கரிசல் மானாவாரிக்காரர்கள் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் எடுப்பதும் இதே கணக்கில்தான். கோவைப் பக்கம் ஆவணி இறவைப் பருத்தி உண்டு. அங்கே மழை கிழக்குக் கரைபோல் ஊற்றுவதில்லை என்பதால் அது செல்லுபடியாகிறது. உங்கள் ஊரில் மழையில்லாத இரண்டு மாதம் எது என்று பார்த்து, அங்கிருந்து நான்கு மாதம் பின்னோக்கி எண்ணுங்கள், அதுதான் பட்டம்.

விதை தயாரிப்பில்தான் பலருக்கும் முதல் தோல்வி. ஆலையிலோ கையிலோ பஞ்சு எடுத்த பிறகும் கொட்டையின் மேல் குறும்பஞ்சு ஒட்டியிருக்கும். அது காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முளை மண்ணை முட்டி வரும்போது தொப்பிபோல இலையில் மாட்டிக்கொள்ளும். விதை உற்பத்தியாளர்கள் கிலோவுக்கு 100 மில்லி அடர் கந்தக அமிலம் ஊற்றி, பிளாஸ்டிக் வாளியில் மரக்குச்சியால் இரண்டு மூன்று நிமிடம் கிளறி, கொட்டை காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் நான்கைந்து முறை அலசுகிறார்கள். வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும் வேலை, அதோடு ஒரு நிமிடம் தவறினால் விதை வெந்துவிடும். நம் பெரியவர்கள் செய்தது போதும்: மாட்டுச்சாணத்தைக் கெட்டியாகக் கரைத்து, கொட்டையை அதில் புரட்டி, செம்மண்ணோ சாம்பலோ தூவி, சொரசொரப்பான தரையில் உள்ளங்கையால் தேய்த்து, நிழலில் உலர்த்த வேண்டும். குறும்பஞ்சு படிந்து, கொட்டை தனித்தனியாக உதிரும். விதைக்கும் முன் ஆறு மணி நேரம் ஊறினால் போதும், இரவு பகலாக ஊறப்போட்டால் அழுகும்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். மிதக்கும் விதையைக் கழியுங்கள் என்று கட்டுரையில் இருந்தது. அது அமிலத்தில் மழித்த மொட்டை விதைக்குத்தான் பொருந்தும். குறும்பஞ்சுள்ள கொட்டை நல்லதாக இருந்தாலும் மிதக்கும், பஞ்சுக்குள் இருக்கும் காற்று தூக்கும். நன்றாக நனைத்த பிறகு விரலால் அழுத்திப் பாருங்கள். பொக்கு நசுங்கும், திரண்ட கொட்டை நசுங்காது.

பருத்தி ஆணிவேர்ச் செடி. தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருக்க வேண்டும். கருங்கண்ணிக்கு 40 சென்டிமீட்டர் ஆழமும் 15 லிட்டர் கொள்ளளவும் குறைந்தபட்சம், எம்.சி.யு. வகைகளுக்கு 20 லிட்டருக்கு மேல். வேர் அடியைத் தொட்டு வளைந்ததும் செடி மேலே சப்பையை, அதாவது மொட்டை, உதிர்க்கத் தொடங்கும். மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது விழும் இடம் வேண்டும். 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை. மேல்மண் இறுகி ஓடு கட்டினால் முளை கழுத்தொடிந்து சாகும், அதனால் குழியை மணல் கலந்த உரத்தால் மூடுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் முளைக்கும். விதைத்தோல் இலையில் மாட்டியிருந்தால் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும், பிடித்து இழுத்தால் வித்திலை பிய்ந்துவிடும். பதினைந்தாம் நாள் தொட்டிக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும். நாற்று நட்டே ஆக வேண்டுமென்றால் காகிதக் கோப்பையில் முளைக்கவிட்டு, மூன்று வாரத்துக்குள் கோப்பையோடு இறக்க வேண்டும்.

மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு தண்ணீர் விடுவது நல்லது. தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேரழுகல் வந்து, பச்சையாக நின்ற செடி ஒரே நாளில் துவளும். இழுத்தால் கையோடு வரும்.

35 முதல் 45 நாளுக்குள் மூன்று பல்போன்ற இலைக்கவசம் சூழ்ந்த முக்கோண மொட்டு தெரியும். இதைத்தான் பருத்திக்காரர்கள் சப்பை என்கிறார்கள். சப்பை பூவாக மூன்று வாரம், பூ காயாகி வெடிக்க 45 முதல் 55 நாள். சப்பையும் பிஞ்சும் உதிர்வதைப் பார்த்துப் பதறி உரத்தை அள்ளிப் போடுகிறவர்கள் அதிகம். எந்தச் செடியும் தான் வைத்ததில் பாதிக்கு மேல் உதிர்க்கத்தான் செய்யும். கவலைப்பட வேண்டியது முக்கால்வாசிக்கு மேல் போனால்தான். காரணங்கள்: தண்ணீர் தேங்குவது, நீண்ட வறட்சிக்குப் பின் திடீர் நனைப்பு, தொடர் மேகமூட்டம், தழைச்சத்து மிகுதி, பூத்த அன்று காலை மழை. பருத்தி மகரந்தம் நனைந்தால் வெடித்துவிடும், அந்தப் பூ பிஞ்சு பிடிக்காது. ஆகவே பூக்கும் காலத்தில் காலையில் செடியின் தலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். வயலில் இதற்குப் பயிர் ஊக்கியான என்.ஏ.ஏ.வை லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் தெளிப்பதுண்டு. நான்கு தொட்டிக்காரருக்கு அது தேவையில்லை, நீர் சீராக இருந்தால் போதும்.

செடி உயரமாகவே போய்க் காய்க்காமல் நின்றால் நுனி கிள்ள வேண்டும். எம்.சி.யு. போன்ற ரகங்களில் 15-ஆவது கணுவுக்கு மேல், 70 முதல் 75 நாளில். முன்கூட்டியே கிள்ளினால் அடியிலிருந்து தழைக்கிளைதான் பெருகும், அதில் காய் நேராகப் பிடிக்காது. காய்க்கும் கிளையை அடையாளம் காண்பது எளிது, கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகும். தழைக்கிளை நேராக மேலே ஏறும்.

இலை சிவந்தால் உடனே நோய் என்று முடிவு கட்டக்கூடாது. அடியிலைகளில் நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி செந்நீலமாக மாறினால் மக்னீசியக் குறைபாடு. லிட்டருக்கு 5 கிராம் மக்னீசியம் சல்பேட், 10 கிராம் யூரியா கலந்து மாலையில் தெளித்தால் புதிதாகச் சிவப்பது நிற்கும், ஏற்கெனவே சிவந்தது திரும்பாது. ஓரம் கீழ்நோக்கி மடங்கி, ஓரத்திலிருந்து மஞ்சளும் சிவப்புமாகக் கருகிக்கொண்டு வந்தால் அது தத்துப்பூச்சி. இலையைத் திருப்பினால் வெளிர்பச்சையாகக் குறுக்கே ஓடும். இரண்டுக்கும் ஒரே மருந்தடிப்பது காசுக்குக் கேடு.

அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ மூன்றுக்கும் வேப்பங்கொட்டைச் சாறு வீட்டளவில் போதுமானது: 50 கிராம் கொட்டையை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து, வெயில் இறங்கியதும் இலையின் அடிப்புறத்தில் படும்படி தெளிக்க வேண்டும். மேலே மட்டும் தெளித்தால் பூச்சி சிரிக்கும். மாவுப்பூச்சி பெரும்பாலும் பக்கத்துத் துத்தியிலிருந்தும் பார்த்தீனியத்திலிருந்தும் எறும்புகள் தூக்கி வந்து விடுவது. களையை எடுக்காமல் பருத்தியை மட்டும் கழுவிப் பயனில்லை. வெண்டை, செம்பருத்தி, பூவரசு எல்லாம் பருத்தியின் குடும்பம்தான். வெண்டைத் தொட்டிக்கு அருகில் பருத்தி வைத்தால் புள்ளிக் காய்ப்புழு இரண்டுக்கும் மாறி மாறி விருந்துக்குப் போகும். வயலில் வேண்டுமென்றே ஓரத்தில் வெண்டை நட்டுப் புழுவை அங்கே இழுத்து அழிப்பார்கள். அப்படித் தினமும் பார்த்து அழிக்க முடிகிறவர் மட்டும் வெண்டை வைக்கலாம்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுதான் மோசமானது, வெளியில் தெரியாது. பூ விரியாமல் இதழ் நுனிகள் ரோஜா மொட்டுப்போல் கட்டுண்டு நின்றால் உள்ளே அது இருக்கிறது என்று பொருள். அந்தப் பூவைக் கிள்ளி அழித்துவிடுங்கள். காய்க்குள் போய்விட்டால் கொட்டையைத் தின்று, ஒரு அறை வெடித்து ஒரு அறை இறுகி நிற்கும், சுளை மஞ்சளாக இருக்கும். காய் வெடிக்கத் தொடங்கியதும் வரும் சிவப்புப் பருத்திப்பூச்சி வேறு. கூட்டமாக உட்கார்ந்து கொட்டையின் சாற்றை உறிஞ்சும், அதன் வழியே நுழையும் பூசணம் பஞ்சில் கறையை ஏற்றும். சோப்புத்தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினாலே பாதி தொலையும். மாலையில் தட்டுவதைவிட விடியற்காலையில் தட்டுவது நல்லது, அப்போது அவை மந்தமாக இருக்கும்.

அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்க விரும்புகிறவர்கள் கவனிக்க: பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும், ஆனால் தேனீ கலப்படம் செய்யும். பக்கத்தில் வேறு பருத்தி இருந்தால், மறுநாள் பூக்கப்போகும் மொட்டை முதல்நாள் மாலையில் அடையாளம் கண்டு கட்ட வேண்டும். இதழ் சுருள் மெழுகுவத்தி நுனிபோலக் கவசத்துக்கு மேலே துருத்தி நிற்கும். அந்த நுனியை நூலால் சுருக்கிட்டு, நூலின் மறுமுனையைப் பூக்காம்பில் கட்டிவிட்டால் காலையில் விரியாது. இதழ் உதிர்ந்தாலும் நூல் காம்பிலேயே இருக்கும், எந்தக் காய் விதைக்கு என்று பின்னால் அடையாளம் தெரியும். நடுப்பகுதிக் கிளைகளின் காய்களில் செய்வதே நல்லது. நுனிக் காய்களில் கொட்டை திரளாது.

பறிப்புக்கு வருவோம், ஏனென்றால் நூற்பவர்களின் பாதித் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. பூத்த நாளிலிருந்து 20, 25 நாள் வரை இழை நீள்கிறது. அதற்குப் பின் காய் வெடிக்கும் வரை இழையின் உள்சுவர் தடிக்கிறது. அந்த இரண்டாம் பாதியில் செடி வாடினாலோ, அவசரப்பட்டுக் காயை உடைத்துப் பஞ்சை வெளியே எடுத்தாலோ, நீளம் இருக்கும், சுவர் இருக்காது. நூற்கும்போது அப்படிப்பட்ட இழைகள் சின்னச் சின்ன முடிச்சாகத் திரளும், சாயத்தில் போட்டால் அந்தப் புள்ளிகள் வெள்ளையாகவே நிற்கும். காய் தானாக முழுதும் விரிந்து, சுளை பொங்கித் தொங்கும் வரை காத்திருங்கள். வெடித்த பின் செடியிலேயே வாரக்கணக்கில் விட்டாலும் பனியும் தூசும் பட்டு நிறம் மங்கும். வாரத்துக்கு ஒரு முறை பறிப்பது சரியான இடைவெளி.

காலையில் பனி உலர்ந்ததும் தொடங்கி 11 மணிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் காய்த்தோலைச் சுற்றியிருக்கும் சருகு மொறுமொறுவென்று நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும். ஒரு துணுக்குச் சருகை எடுக்க ஒரு நிமிடம் ஆகும். சுளையை மட்டும் மூன்று விரலால் பிடித்து இழுக்க வேண்டும், காயோடு பறிக்கக் கூடாது. போட்டு வைக்கத் துணிப்பை. பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், அதன் இழை பஞ்சில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாமல் நூலோடு போய், சாயம் ஏறாமல் துணியில் நிற்கும். இது நூற்பாலைகளுக்கே பெரிய தலைவலி. பறித்ததை நிழலில் பரப்பி உலர்த்துங்கள், நேர் வெயிலில் நாள்முழுதும் காய்ந்தால் பளபளப்பும் வலுவும் குறையும். கறைபட்டதையும் புழுத்ததையும் பறிக்கும்போதே தனிப்பையில் போடுங்கள். திரிக்கு அது போதும்.

கொட்டை நீக்க இயந்திரம் தேவையில்லை. சமமான பலகை, சுண்டுவிரல் கனத்தில் வழவழப்பான இரும்புக் கம்பி. ஒவ்வொரு கொட்டையாகப் பலகையில் வைத்து, இழையைச் சற்று விரித்து, கம்பியை உள்ளங்கைகளால் அழுத்தி முன்னோக்கி உருட்டினால் பஞ்சு கம்பிக்குப் பின்னால் தங்கும், கொட்டை முன்னால் தெறிக்கும். தொடங்கும் முன் ஒரு மணி நேரம் மட்டும் வெயிலில் காட்டுங்கள். ஈரமிருந்தால் கொட்டை நசுங்கி எண்ணெய்க் கறை ஏறும். கருங்கண்ணியில் இழை கொட்டையை விடாமல் பிடிக்கும், பொறுமை வேண்டும். கொட்டையோடு 100 கிராம் பருத்தியில் 33 கிராம் அளவுக்குப் பஞ்சு தேறும். ஒரு கருங்கண்ணிச் செடியில் 20 காய் நின்றால் 40 கிராம் பருத்தி, 13 கிராம் பஞ்சு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் 'ஒரு தொட்டியில் ஒரு சட்டை' என்ற பேச்சு எழாது.

கட்டுரையின் ஆபத்தான வரி, வீட்டுப் பஞ்சைக் காயத்துக்கு வைத்துக் கட்டலாம் என்பது. செடியிலிருந்து எடுத்த பஞ்சின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மணிக்கணக்கில் மிதக்கும். இரத்தத்தையும் சீழையும் அது உறிஞ்சாது, கிருமி நீக்கமும் ஆகியிருக்காது. மருந்துக்கடைப் பஞ்சு காரத்தில் வேகவைத்து மெழுகு நீக்கி வெளுத்தது. தண்ணீரில் இட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது அதற்குத் தர விதி. அதே மெழுகு விளக்குத் திரிக்குக் கெடுதல் செய்வதில்லை, எண்ணெயை நன்றாகவே ஏற்றும். திரிக்கான பஞ்சில் கொட்டைத் துணுக்கு இல்லாமல் பாருங்கள், இருந்தால் சுடர் படபடக்கும். திரி தளர்வாக இருந்தால் சீக்கிரம் கருகும், அதிகம் முறுக்கினால் எண்ணெய் ஏறாது. உள்ளங்கையில் இரண்டு மூன்று உருட்டல் போதும்.

நூற்க வேண்டுமானால் பஞ்சை முதலில் பிரிக்க வேண்டும். வில்லடிக்கத் தெரிந்தவர்கள் அடிக்கலாம், இல்லாவிட்டால் கம்பிப்பல் சீப்பு இரண்டை எதிரெதிராக இழுத்து மெல்லிய படலமாக்கி, குச்சியில் சுற்றி உருவினால் விரல் கனத்தில் பஞ்சுத்திரி கிடைக்கும். வேகவைத்து மெழுகு நீக்கிய பஞ்சை நூற்க முயலாதீர்கள், சிக்கிக்கொள்ளும். நூலான பிறகே வேகவைப்பது முறை: 100 கிராம் நூலுக்கு 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் சலவைச் சோடா, சிறிது சோப்பு, ஒரு மணி நேரக் கொதி. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். பிறகுதான் சாயம் ஏறும்.

நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் (நூல் கண்ணி) எத்தனை என்ற கணக்கு. தக்ளியில் (கையால் சுழற்றும் கதிரில்) பழகுபவர் 16-ஆம் நம்பரை இலக்காக வைக்கலாம். அதில் ஒரு கிராமுக்கு 27 மீட்டர் வரும். 270 மீட்டரைச் சிட்டமிட்டுச் சமையலறைத் தராசில் வைத்தால் 10 கிராம் காட்ட வேண்டும். 12 காட்டினால் நூல் தடித்துவிட்டது. முறுக்குக்கு எளிய கணக்கு, நம்பரின் வர்க்கமூலத்தை 4-ஆல் பெருக்குவது: 16-இன் மூலம் 4, ஆக அங்குலத்துக்கு 16 முறுக்கு. இது பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு. குறுக்கே ஓடும் ஊடைக்கு 14 போதும். முறுக்கு குறைந்தால் நூல் இழுத்ததும் வழுக்கிப் பிரியும், கூடினால் தளர்த்தியதும் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும். கருங்கண்ணி இழை குட்டை, எனவே ஒரே மூச்சில் நீளமாக இழுக்காமல் முறுக்கைத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இழுக்க வேண்டும்.

ஒரு துண்டுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 75 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளம், சென்டிமீட்டருக்குப் பாவிலும் ஊடையிலும் 14 இழை. பாவு 1,575 மீட்டர், ஊடை அதே அளவு, மொத்தம் 3,150 மீட்டர். 16-ஆம் நம்பரில் இது 117 கிராம். தறியில் வீணாவதும் துணி சுருங்குவதும் சேர்த்து 140 கிராம் நூல் வேண்டும். பிரிப்பதிலும் நூற்பதிலும் கழிவதைக் கூட்டினால் 160 கிராம் பஞ்சு, கொட்டையோடு அரைக்கிலோ பருத்தி. கருங்கண்ணியில் 250 காய், செடிக்கு 20 காய் என்றாலும் 12, 13 செடி. தொட்டியில் அவ்வளவு நிற்காது என்பதால் 20 செடி வைப்பதே நிதானம். பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் அச்சில் உரசி அறுந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மிஞ்சும் கொட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்கு. ஊறவைத்து அரைத்து மாட்டுக்கு வைக்கலாம். கோழிக்கும் இளங்கன்றுக்கும் கூடாது, கொட்டையில் உள்ள காசிப்பால் என்ற நச்சுப்பொருளை அசைபோடும் பெரிய மாடுகளின் வயிறுதான் தாங்கும். மதுரையில் பருத்திப்பால் குடிக்கிறோமே என்று கேட்கலாம். அது ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சக்கை நீக்கி, கொதிக்கவைத்துக் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துச் செய்வது, பச்சையாக யாரும் தின்பதில்லை. விதைக்கென்று வாங்கிய, நிறமேற்றி மருந்து தடவிய கொட்டையை மட்டும் எக்காரணம் கொண்டும் அடுப்படிக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை வெட்டிவிட்டு மறுதாம்பு விடும் ஆசை வரும். கருங்கண்ணி துளிர்க்கவும் செய்யும். கூடாது. காய்ப்புழு அடுத்த பருவத்துக்குத் தங்குவது அந்தப் பழைய செடியிலும் வெடிக்காத காயிலும்தான். 1919-இல் சென்னை மாகாணத்தில் வந்த பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ், கம்போடியா என்ற பருத்தி வகையைக் குறித்த தேதிக்குள் பிடுங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. மாடித் தோட்டத்துக்குச் சட்டம் வராது, ஆனால் புழுவுக்கு மாடி, வயல் வேறுபாடு தெரியாது. வேரோடு பிடுங்கி, வெடிக்காத காய்களை எரித்து, தண்டை நறுக்கி மக்கவிடுங்கள். அந்தத் தொட்டி மண்ணில் அடுத்த முறை வெண்டை வைக்காமல் அவரையோ தட்டைப்பயறோ போடுங்கள்.

இலவங்காய்ப் படத்துக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால், விதை தேடி அலையும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அருப்புக்கோட்டை